பார்ட்டன்-ரைட்டை மறக்கவிடாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

லண்டனில் பார்டிட்சு என்னும் பழைய தற்காப்புக் கலையைப் பழகும் எங்கள் சிறு குழுவின் முதல் பொதுச் செயல்விளக்கம் நல்லபடியாக நடந்து முடிந்தது. கைதட்டல் எங்களுக்குக் கிடைத்தது. அதில் பெரும்பங்குக்கு உரியவர்கள் பலர் அன்று அரங்கத்தில் இல்லை; சிலர் உயிரோடும் இல்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, இந்தக் கலையை உருவாக்கிய எட்வர்ட் வில்லியம் பார்ட்டன்-ரைட்டுக்கு. 1860-இல் பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயர் அவர். தந்தை மெட்ராஸ் ரயில்வேயில் எஞ்சின்களுக்குப் பொறுப்பான பொறியாளர். மகனும் பொறியாளராகி ஜப்பானில் வேலை பார்த்தார், அங்கே ஜுஜுட்சு என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்றார். 1898-இல் இங்கிலாந்து திரும்பியதும் ஜுஜுட்சு, குத்துச்சண்டை, சவாத் என்னும் பிரெஞ்சு உதைச்சண்டை, சுவிட்சர்லாந்துக்காரரான பியர் வின்யியின் கைத்தடி முறை ஆகியவற்றை ஒரே பயிற்சியாக இணைத்தார். எதிராளி எட்ட நின்றால் தடி, நெருங்கினால் கையும் காலும், கட்டிப் பிடித்தால் ஜுஜுட்சு.

அவர் செய்த வேலைகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இன்னொன்று. பிரிட்டிஷ் பேரரசு உச்சத்தில் இருந்த அந்தக் காலத்தில், யூகியோ தானி, சடகாசு உயெனிஷி என்ற இரண்டு ஜப்பானிய இளைஞர்களை வரவழைத்து, லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் இருந்த தம் பயிற்சிக்கூடத்தில் ஆங்கிலேயர்களுக்கு ஆசிரியர்களாக அமர்த்தினார். 1902 வாக்கில் கூடம் மூடப்பட்டது. அங்கே கற்பித்தவர்கள் தனித்தனியே பெயர் பெற்றார்கள். உயெனிஷியின் பள்ளியை 1908-இல் ஏற்று நடத்திய கணவன் மனைவியில் ஒருவர்தான் எடித் காரட். வாக்குரிமைக்குப் போராடிய பெண்களின் மெய்க்காவல் படைக்கு ஜுஜுட்சு கற்றுக்கொடுத்தவர். இத்தனைக்கும் வழிதிறந்த பார்ட்டன்-ரைட், பிறகு வெப்பத்தாலும் ஒளியாலும் உடல்வலிக்குச் சிகிச்சை செய்து பிழைத்தார். 1951-இல், தொண்ணூறாம் வயதில் காலமானார். கிங்ஸ்டன் கல்லறைத் தோட்டத்தில் ஏழைகளுக்கான குழியில் அடக்கம் செய்யப்பட்டார். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

அடுத்து, குன்ஜி கொய்சுமிக்கு. லண்டனில் புடோக்வாய் ஜூடோ சங்கத்தை நிறுவிய இவர், 1950-இல் முதியவர் பார்ட்டன்-ரைட்டைத் தேடிப் பேட்டி கண்டு வெளியிட்டார். சங்கத்தின் கூட்டத்துக்கு அழைத்து வந்து அவையோர் முன் நிறுத்தினார். ஒரு மனிதரை அவர் கேட்கும்படியே பாராட்டிவிட வேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றியதே!

அதன் பின் நெடுங்காலம், ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்றில் எழுத்து மாறி வரும் ஒற்றைக் குறிப்பாகவே பார்டிட்சு பலருக்கும் தெரிந்திருந்தது. 1899 முதல் 1901 வரை ஒரு மாத இதழில் பார்ட்டன்-ரைட் படங்களுடன் எழுதிய கட்டுரைகளை பிரிட்டிஷ் நூலகத்தில் தேடி எடுத்தவர், ஜூடோ வரலாற்றாய்வாளர் ரிச்சர்ட் போவன். 2002-இல் உருவான பார்டிட்சு சங்கம், கிடைத்தவற்றையெல்லாம் திரட்டி எவரும் படித்துப் பழகும்படி செய்தது. எங்களைப் போன்றவர்கள் எளிதாகத் தொடங்க முடிந்தது இவர்களால்தான்.

ஆனால் புகைப்படத்தைப் பார்த்துச் சண்டைக்கலை பழகுவது கடினம். படம் தொடக்கத்தைக் காட்டும், முடிவைக் காட்டும்; நடுவில் கால் எப்படி நகர்ந்தது என்று காட்டாது. வின்யியின் தடி முறையில் இதுவே பெரும் சிக்கல். கைத்தடிக்கு வாளைப் போல விரல்களைக் காக்கும் பிடிமறைப்பு கிடையாது. அதனால் தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பின்னால் வைத்து, இடது கையை முன்னே நீட்டி, ‘இதை அடி’ என்று எதிராளியை இழுக்க வேண்டும். அவர் வீசும் நொடியில் முன்காலைப் பின்னுக்கு எடுத்து, அந்த வீச்சு காற்றில் போகும்போதே மேலிருந்து அடிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எங்களுக்குக் கைகொடுத்தார், மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்த சிலம்ப ஆசான் ஒருவர். தம் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய படங்களை மேசையில் பரப்பி, “தடியைப் பார்க்காதீர்கள். உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று பாருங்கள்” என்றார். அதற்குப் பிறகே எங்கள் காலடி சரியாயிற்று. விடுபட்ட இடங்களைச் சிலம்பத்தை வைத்து நிரப்பித் தாருங்கள் என்று கேட்டவர்களும் எங்களில் உண்டு. அவர் இணங்கவில்லை. “அவர் கலை அவர் கலையாகவே இருக்கட்டும்” என்றார். ஐயா, நீங்கள் கற்றுத்தந்ததற்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோமோ, அதே அளவு நீங்கள் கலக்க மறுத்ததற்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

தேவாலய மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்து, குளிர்காலத்தில் நாங்கள் வருமுன்னே வெப்பமூட்டியைப் போட்டுவைத்த பொறுப்பாளர் அம்மா, ஒரே எடையில் பிரம்புத் தடிகள் செய்து கொடுத்த தச்சர், பழைய இதழ்களைச் சலிக்காமல் எடுத்துத் தந்த நூலக ஊழியர்கள், கன்றிச் சிவந்த முழங்கைகளுக்கு மருந்து போட்டுவிட்டு மறுவாரமும் எங்களை அனுப்பிவைத்த வீட்டார் ஆகிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

செப்டம்பர் 13 பார்ட்டன்-ரைட்டின் நினைவு நாள். அன்று மாலை கிங்ஸ்டன் கல்லறைத் தோட்டத்தில் கூடுகிறோம். ஆசான் வருவதாகச் சொல்லிவிட்டார். நீங்களும் வாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
குழுவினர் சார்பில் ஒரு மாணவன்