எதிர்ப்பக்கம் வளைந்த வரிகள்

அன்புள்ள முருகேசா,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டிக்கொள். மாமாவின் முழங்கால் தேவலையா? இங்கே குளிர் தவிர வேறு குறையில்லை.

விஷயம் இதுதான். போன மாதம் பத்து நாள் நான் பெரிய விஞ்ஞானியாக இருந்தேன்.

அலுமினியத் தகட்டை லேசரால் அடித்து, கிளம்பும் பிளாஸ்மாவுக்கு, அதாவது எலக்ட்ரான் கழன்ற சூடான ஆவிக்கு, குறுக்கே 532 நானோமீட்டர் பச்சைக் கதிரை விடுவோம். பிளாஸ்மாவைத் தொடாமல் சுற்றிவரும் இன்னொரு கதிரோடு அதைச் சேர்த்தால் வரிவரியாக ஃபிரிஞ்ச் விழும். எலக்ட்ரான் கூட்டத்துக்குள் ஒளிவிலகல் எண் ஒன்றுக்குக் கீழே இறங்குவதால் வரிகள் நகரும். ஒரு வரி அடுத்ததன் இடத்துக்குப் போனால், கதிர் வந்த வழியில் சதுர சென்டிமீட்டருக்கு 4.2×10¹⁷ எலக்ட்ரான் என்று கணக்கு. தகட்டை ஒட்டிய இடம் மட்டும் எப்போதும் கறுப்புதான். அங்கே கதிர் வளைந்து லென்ஸுக்கு வெளியே ஓடிவிடும். கன சென்டிமீட்டருக்கு 4×10²¹ எலக்ட்ரானைத் தாண்டினால் பச்சை நுழையவே நுழையாது. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 1995-லேயே 15.5 நானோமீட்டர் எக்ஸ்-கதிர் லேசரை வைத்து அளந்துவிட்டார்கள். அது நுழையக்கூடிய அடர்த்தியின் வரம்பு நம்முடையதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். வயிற்றெரிச்சல், விடு.

அப்புறம் ஒருநாள் வரிகள் எதிர்ப்பக்கம் வளைந்தன, விலகல் எண் ஒன்றுக்கு மேலே போனதுபோல்! 2005-இல் 14.7 நானோமீட்டர் கதிரில், இதே அலுமினியப் பிளாஸ்மாவில், விலகல் எண் ஒன்றைத் தாண்டியதைக் கண்டிருக்கிறார்கள். அயனிக்குள் கட்டுண்ட எலக்ட்ரான்களின் வேலை. பச்சைக்கு அந்தக் கதை பொருந்தாது என்று எனக்கே தெரியும். தெரிந்தும் கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிட்டேன்.

பேராசிரியர் ஒன்றும் பேசவில்லை. தகடு இருக்கும் கலத்தைத் திறக்கச் சொல்லி, சூடான சால்டரிங் அயனைக் கதிருக்குக் கீழே பிடிக்கச் சொன்னார். சூடான காற்றிலும் விலகல் எண் குறையும், பிளாஸ்மா வளைக்கும் பக்கமே வளையவேண்டும். என் 'கண்டுபிடிப்பு' வளைந்த பக்கமே வளைந்தது. பிளாஸ்மாவைச் சுற்றிவரும் அந்த இன்னொரு கதிரின் கண்ணாடியை யாரோ மறுபக்கம் சாய்த்திருக்கிறார்கள். சாய்வு மாறினால் வளைவும் மாறும். அந்த யாரோ நான்தான். நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது.

அன்று எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. பத்து நாளில் ஒருமுறைகூட அந்த நோட்டை நான் புரட்டவில்லை, முருகேசா. புரட்டினால் போய்விடுமோ என்று பயந்திருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

சால்டரிங் அயன் என்று படித்ததுமே சிரித்திருப்பாய். அதில் பொசுங்கிய அந்தச் சட்டையை அம்மா இன்னும் தூக்கிப்போடவில்லை.

உன்,
சந்துரு