விடையோடு காரணத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 11 முடிவில் வரும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்கத் தமிழ்ப் பத்திரிகைகளின் கல்விப் பக்கங்களில் ஆங்கில மாதிரி வினாத்தாள்கள் வரத் தொடங்கிவிடும். திருகோணமலையில் அவற்றை வெட்டிக் கொப்பியில் ஒட்டிவைத்துச் செய்கிற பிள்ளைகள் நிறையப் பேர். தாளின் அடியில் விடைகள் வெறும் சொல்லாக இருக்கும். பிள்ளை சரிபார்க்கும், பிழைக்குச் சிவப்புப் பேனையால் கோடு போடும், அடுத்த தாளுக்குப் போகும். அங்கேயும் அதே பிழை வரும். ஏன் பிழை என்று யாரும் சொல்லாதபோது வேறென்ன நடக்கும்?

பிள்ளைகள் விடும் ஆங்கிலப் பிழைகளில் கவனக்குறைவால் வருபவை குறைவு. தமிழில் சரியாக இருக்கும் ஒன்றை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதால் வருபவைதான் அதிகம். "அவர் ஆசிரியர்" என்பது தமிழில் முழு வசனம், வினைச்சொல்லே தேவையில்லை. அதனால்தான் "ஹி இஸ் அ டீச்சர்" என்பதை "ஹி டீச்சர்" என்று எழுதுகிறார்கள். "எனக்குப் பசிக்கிறது", "எனக்குத் தெரியும்", "எனக்கு இரண்டு தம்பிமார்" ஆகிய மூன்றும் தமிழில் "எனக்கு" என்றே தொடங்குகின்றன. ஆங்கிலத்திலோ "ஐ ஆம் ஹங்ரி", "ஐ நோ", "ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்" என்று மூன்று வழியாகப் பிரிந்துவிடுகின்றன. கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பத்து நிமிட வேலை. காட்டாமல் விட்டால் "ஐ ஆம் நோயிங்" தரம் 11 வரை கூடவே வரும்.

(உதாரணங்களை அச்சுக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறோம். மாணவர்கள் கொப்பியில் ஆங்கிலச் சொல்லுக்கு மேல் தமிழில் உச்சரிப்பு எழுதும் வழக்கத்தை விட வேண்டும். பெரியது என்பதற்கும் பன்றி என்பதற்கும் தமிழில் எழுதினால் "பிக்" என்ற ஒன்றுதான் கிடைக்கும்.)

முதலில், "ஹி", "ஷி" வரும்போது வினையின் முடிவில் சேர வேண்டிய அந்த "எஸ்". "ஷி கோ டு ஸ்கூல்" என்று எழுதாத வகுப்பு இல்லை. வருகிறேன், வருகிறாய், வருகிறாள், வருகிறார்கள் என்று ஒவ்வோர் ஆளுக்கும் விகுதி மாற்றிப் பேசும் பிள்ளைக்கு வினை மாறுவது புதிதல்ல. ஆங்கில நிகழ்காலத்தில் மற்ற விகுதிகள் எல்லாம் தேய்ந்துபோய், படர்க்கை ஒருமைக்கு மட்டும் இந்த ஒன்று மிஞ்சியிருக்கிறது என்று சொன்னால் விளங்கிக்கொள்ளும். அடுத்த இடறல், "ஹி டஸின்ட் கோஸ்". கேள்வியிலும் எதிர்மறையிலும் அந்த "எஸ்" துணைவினைக்கு இடம் மாறி "டஸ்" ஆகிவிடுகிறது. ஓர் உறைக்குள் இரண்டு கத்தி கொள்ளாது. "டிட் யூ வென்ட்" பிழையானதும் இதே காரணத்தால்தான்: இறந்தகாலத்தை "டிட்" ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

பெயருக்கு முன்னால் வரும் "அ", "ஆன்", "த" என்ற ஆர்ட்டிக்கிள் தமிழில் இல்லை, அதனால் கஷ்டம் என்று பலர் சொல்லி விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. "அ", "ஆன்" வேறுபாடு எங்கள் "ஒரு", "ஓர்" வேறுபாட்டைப் போன்றதே: ஒரு மரம், ஓர் ஊர். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் கவனிக்க வேண்டியது. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி "யு". ஆகவே "அ யுனிவர்சிட்டி". மணித்தியாலத்துக்கான சொல்லில் முதல் எழுத்து ஒலிப்பதேயில்லை; ஆகவே "ஆன் அவர்". ஒன்று என்பதற்கான சொல்லை நாம் "ஒன்" என்று எழுதிப் பழகிவிட்டோம். அதன் உண்மையான ஒலி "வன்", எனவே அதற்கு முன்னால் "அ" வரும்.

"த" என்பதற்கும் தமிழுக்குள்ளேயே ஒரு பாலம் உண்டு. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நீங்களும் நானும் அறிந்த அந்தப் புத்தகம். முதலாவது "ஐ பாட் அ புக்", இரண்டாவது "ஐ பாட் த புக்". அஃறிணைச் செயப்படுபொருளில் இரண்டாம் வேற்றுமை உருபு "ஐ" வரும் இடங்களில் பெரும்பாலும் "த" பொருந்தும். ஆட்களைக் குறிக்கும் பெயர்களுக்கு இந்தச் சோதனை உதவாது, ஏனென்றால் அங்கே "ஐ" அநேகமாக எப்போதும் வந்துவிடும். எழுவாய்க்கும் உதவாது. ஆனால் பிள்ளை ஏற்கெனவே வைத்திருக்கும் அறிவிலிருந்து தொடங்க இதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

வேற்றுமை உருபு "இல்" இதற்கு நேர்மாறாகக் காலை வாரும். திருகோணமலையில், மேசையில், சந்தியில் என்று தமிழ் ஒரே உருபால் சொல்வதை ஆங்கிலம் "இன் திருகோணமலை", "ஒன் த டேபிள்", "அட் த ஜங்ஷன்" என்று மூன்றாகப் பிரிக்கிறது: உள்ளே, மேற்பரப்பில், ஒரு புள்ளியில். நேரத்துக்கு மணி என்றால் "அட்", நாள் என்றால் "ஒன்", மாதமும் ஆண்டும் என்றால் "இன்". பஸ்ஸுக்கு "ஒன்" வருவதும் ஓட்டோவுக்கு "இன்" வருவதும் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எழுந்து நடமாடக்கூடிய பஸ், ரயில், கப்பல், விமானத்துக்கு "ஒன்". குனிந்து ஏறி உட்காரும் காருக்கும் ஓட்டோவுக்கும் "இன்".

ரியூஷன் வகுப்புகளில் பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட வினைக்கால (டென்ஸ்) அட்டவணையை முதல் வாரமே மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பிள்ளை அந்தக் காலங்களின் பெயர்களைப் பிசகின்றி ஒப்புவிக்கும். ஒரு பந்தி எழுதச் சொன்னால் பேனை நகராது. அன்றாட எழுத்துக்கு நான்கைந்து பெட்டிகள் போதும். அவற்றில் கடினமானது "ஹாவ்" சேர்ந்து வரும் காலம். "கன்னியாவுக்குப் போயிருக்கிறீர்களா?" என்பதற்கு "ஹாவ் யூ பீன் டு கன்னியா?" நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழில் "நேற்று அவர் வந்திருக்கிறார்" என்றும் சொல்லலாம். வந்தார் என்று இப்போதுதான் தெரியவந்தது என்பது பொருள். இதை நம்பி "ஹி ஹாஸ் கம் யெஸ்டடே" என்று எழுதினால் பிழை. நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரம் வசனத்தில் இருந்தால் "ஹாவ்" வரக் கூடாது.

இனிப் பயிற்சி. செலவில்லாமல், வீட்டில், நாளுக்கு இருபது நிமிடத்தில் செய்யக்கூடியது மறுமொழிபெயர்ப்பு. அரசாங்கம் இலவசமாகத் தரும் ஆங்கிலப் பாடநூலில் ஐந்தாறு வசனங்களை எடுத்து, கொப்பியின் இடப்பக்கத்தில் தமிழில் எழுத வேண்டும். மறுநாள் புத்தகத்தை மூடிவைத்து, தமிழைப் பார்த்து வலப்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை வட்டமிட வேண்டும். அதே பகுதியை மூன்று நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் இன்னொரு முறை. அன்றைக்கே திருப்பி எழுதினால் ஞாபகசக்தி வேலை செய்யும், இலக்கணம் உறங்கும். தமிழாக்கம் அலங்காரமாகிவிட்டால் திரும்பி வர வழியிருக்காது. ஆகவே மூலத்தை ஒட்டியே எழுத வேண்டும். ஒரு பந்தியில் தெரியாத சொல் மூன்றுக்கு மேல் இருந்தால் அது அகராதி வேலையாகிவிடும், கீழ் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்குங்கள். தரம் 10 மாணவர் தரம் 7 நூலில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புத்தகத்திலிருந்து மாறுபடுவதெல்லாம் பிழையுமல்ல, சந்தேகமான வட்டங்களை ஆசிரியரிடம் காட்ட வேண்டும்.

வட்டமிட்டவற்றைப் பிழைக் கொப்பியில் மூன்று நிரலாக எழுதலாம்: எழுதியது, சரியானது, எந்தத் தமிழ்ப் பழக்கத்தால் வந்தது. மூன்றாவது நிரலை வெறுமையாக விட்டால் முதல் இரண்டாலும் பயனில்லை. கைபேசியில் எழுதிப் பழகுபவர்கள் தானாகத் திருத்தும் வசதியை நிறுத்திவிட வேண்டும்.

சாதாரண தரத்தில் ஆங்கிலம் எழுத்துப் பரீட்சை மட்டுமே என்பதால் பேச்சுப் பயிற்சி கைவிடப்படுகிறது. ஆனால் அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி ஆக்கியது. தமிழும் சிங்களமும் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படும் எங்கள் மாவட்டத்துக்கு அது வெறும் சட்ட வரியல்ல. நால்வர் சேர்ந்தால் பயிற்சி செய்யலாம். பஸ் நிலையத்திலிருந்து கோணேசர் கோயிலுக்கு வழி, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், கோட்டைக்குள் திரியும் மான்கள் என்று ஏதாவது ஒரு விடயத்தை இரண்டு நிமிடம் பேச வேண்டும். அதையே வேறொருவரிடம் ஒன்றரை நிமிடத்தில், பிறகு இன்னொருவரிடம் ஒரு நிமிடத்தில். நேரம் சுருங்கச் சுருங்கத் தயக்கம் குறையும். கேட்பவர் இடையில் திருத்தக் கூடாது. முடிந்தபின் ஒரேயொரு பிழையைச் சொன்னால் போதும். ஐந்து பிழைகளைச் சொன்னால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

உங்களிடம் கேட்பது இதுதான். மாதிரி வினாத்தாளின் விடைகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் சேருங்கள். இடம் போதாவிட்டால் தாளில் பத்து வினாக்களைக் குறையுங்கள். அத்துடன் வாரம் ஒருமுறை கால் பத்தி ஒதுக்கினால், ஒரு பிழை, அதன் தமிழ் மூலம், திருத்தம், ஐந்து பயிற்சி வசனங்கள் என்று ஊதியமின்றி எழுதித்தர நாங்கள் தயார். முதல் வாரத்துக்கு "அவர் ஆசிரியர்" போதும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.