ஓடும் டேப் பாடகருக்காக நிற்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

டெபெஷ் மோட் இசைக்குழுவின் பாடகர் டேவ் கஹான் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில் பாதிக்கு மேல் போதைப் பழக்கமும், 1996-இல் அவர் இதயம் இரண்டு நிமிடம் நின்றுபோனதும்தான். அவர் எப்படிப் பாடினார் என்பதற்கு இரண்டு வரிகூட இல்லை. வியாசர்பாடி, காசிமேடு பக்கம் கீபோர்டு வைத்து மேடையேறும் பிள்ளைகளுக்கு வேண்டியது அதுதானே!

1980-இல் இங்கிலாந்தின் பேசில்டனில் தொடங்கிய குழு அது. ஆரம்ப மேடைகளில் மூன்று சிந்தசைசர் (மின்னணு ஒலி எழுப்பும் கீபோர்டு), பதிந்து வைத்த தாளத்துக்கு ஒரு டேப் ரெக்கார்டர், டிரம்மர் கிடையாது. கானாவில் பாடகர் ஒரு வரியை இழுத்தால் டோலக் வாசிப்பவர் அவர் வாயைப் பார்த்துக் காத்திருப்பார். டேப் காத்திருக்காது. பின்தங்கிவிட்டால் ஒரு சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த சொல்லில் ஏறிக்கொள்ள வேண்டும். விட்டதைப் பிடிக்க அவசரப்பட்டால் அந்தச் சரணமே போச்சு. 1993 சுற்றுப்பயணத்தில் குழுவின் ஆலன் வைல்டர் டிரம்ஸில் உட்காரும்வரை கஹானுக்குப் பெரும்பாலும் இயந்திரத் தாளம்தான். 1988 ஜூன் 18-இல் அமெரிக்காவின் பாசடீனா ரோஸ் பவுல் மைதானத்தையே அதை வைத்துத்தான் கட்டிப்போட்டார்.

பாட்டும் அவர் எழுதியதல்ல. பெரும்பாலும் குழுவில் இருந்த மற்றவர்கள்தான் எழுதினார்கள்: முதலில் வின்ஸ் கிளார்க், அவர் 1981-இல் விலகியதும் மார்ட்டின் கோர். கஹான் எழுதியவை குழுவின் ஆல்பத்தில் இடம்பெற்றது 2005-இல்தான். அதுவரை இன்னொருவர் எழுதிய துக்கத்தைத் தன் துக்கமாகவே பாடினார். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை அதுதான்.

கஹானுடையது தாழ்ந்த குரல்; அதற்கேற்ற சுருதியில்தான் நிற்பார். நம் மேடைகளிலோ ஒரிஜினல் சுருதியை விடமாட்டோம் என்று தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டை சுருதி இறக்க, கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸில் பொதுவாக மைனஸ் 2 போதும். அடுத்த பாட்டுக்கு முன் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறந்தால் கிடார் ஒரு சுருதி, கீபோர்டு ஒரு சுருதி.

டிராக் (பதிந்து வைத்த இசை) ஓட்டுபவர்கள் இடது சானலில் கிளிக் (வாசிப்பவர்களுக்கு மட்டும் கேட்க வேண்டிய தாளச் சத்தம்), வலதில் இசை வைத்து, இரண்டையும் மிக்ஸரில் தனித்தனி லைனில் ஏற்ற வேண்டும். மோனோவாகச் சேர்க்கும் கேபிளைப் போட்டால் டிக் டிக் சத்தம் பந்தல் முழுக்கக் கேட்கும். கிளிக் கேட்க வயர் இயர்போன்தான் சரி. புளூடூத்தில் சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாக வரும். பாடகர் பாட்டு முழுக்கத் தாளத்துக்குப் பின்னாலேயே போவார். மைக்கின் வலையை உள்ளங்கையால் பொத்தவே கூடாது. வலைக்குள் பின்பக்கமிருக்கும் துளைகள் அடைபட்டால் மானிட்டர் (பாடகரை நோக்கி மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) சத்தத்தையும் மைக் இழுத்துக்கொண்டு கூவத் தொடங்கும்.

போதையிலிருந்து மீண்ட பிறகு, 1997-இல் வந்த 'அல்ட்ரா' ஆல்பத்துக்காக, அத்தனை வருடம் பாடிய பிறகும் குரல் பயிற்சியாளரிடம் போனார் கஹான். மருத்துவமனைக் கதைக்குக் கொடுத்த இடத்தில் பாதியை அந்தப் பயிற்சிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை-39