கசெர்ட்டா தோட்டத்துக்குத் தண்ணீர் வந்த வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் கசெர்ட்டா அரண்மனை குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1,200 அறைகளையும் பளிங்குப் படிக்கட்டையும் விரிவாக வர்ணித்த கட்டுரையாளர், தோட்டத்தைக் 'கண்ணுக்கு விருந்து' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த விருந்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கசெர்ட்டா வரலாற்றின் சரிபாதி அடங்கியிருக்கிறது.

நேப்பிள்ஸை ஆண்ட போர்போன் வம்ச மன்னர் சார்லஸ், பிரெஞ்சு மன்னர்களின் வெர்சாய்க்கு நிகரான அரண்மனை தமக்கும் வேண்டுமென விரும்பி, 1752 ஜனவரி 20 அன்று, தம் பிறந்தநாளிலேயே அடிக்கல் நாட்டினார். கட்டடக் கலைஞர் லூயிஜி வான்விதெல்லி வகுத்த திட்டப்படி, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளும் தோட்டத்தின் நடுவே குளங்களும் அருவிகளும் அடுக்கடுக்காக இறங்கி வர வேண்டும். அதற்காகத் தபூர்னோ மலையடிவார ஊற்றுகளிலிருந்து 38 கிலோமீட்டர் தொலைவுக்கு, பெரும்பாலும் நிலத்தடியிலேயே, கிலோமீட்டருக்கு அரை மீட்டர் வாட்டம் மட்டுமே கொடுத்து அவர் வாய்க்கால் அமைத்தார். மத்தலோனி அருகே குறுக்கிட்ட பள்ளத்தாக்கின் மேல், மூன்றடுக்கு வளைவுகளுடன் 529 மீட்டர் நீளத்துக்கு அவர் எழுப்பிய பாலம் இன்றும் நிற்கிறது. 1762-இல் கால்வாய் திறந்துவைக்கப்பட்டது. கடற்போரில் பிடிபட்ட அடிமைகளும் கைதிகளும் இவ்வேலைகளில் வதைபட்டார்கள் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஒன்றில் கசெர்ட்டா வெர்சாயை விஞ்சிவிட்டது என்பேன். யூர் ஆற்றைத் திருப்புவதற்காக 1685 முதல் பல்லாயிரம் படைவீரர்களை வேலைவாங்கிய பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, போர் மூண்டதும் 1688-இல் பணியைக் கைவிட்டார். தண்ணீர் போதாத வெர்சாயில், மன்னர் நெருங்கும்போது மட்டும் நீரூற்றைத் திறந்துவிடும்படி ஊழியர்கள் சீழ்க்கையடித்துச் சொல்லிக்கொண்டார்கள்.

கசெர்ட்டாவில் பேரருவியின் அடியில் இரு சிற்பத் தொகுதிகள் உள்ளன. தான் குளிப்பதைப் பார்த்துவிட்ட வேடன் ஆக்தியோனைத் தேவதை டயானா மானாக்கிவிட, தலை மட்டும் மான்தலையாக மாறி நிற்கும் அவன் மீது அவனுடைய வேட்டை நாய்களே பாய்கின்றன. அந்த இடத்தைத் தாண்டி வரும் தண்ணீர் தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. அதே கால்வாயின் நீர் மாவு ஆலைகளையும் சான் லூச்சோ பட்டாலையையும் இயக்கியது. நேப்பிள்ஸ் நகரின் குடிநீருக்கும் கைகொடுத்தது. மன்னர் சார்லஸோ 1759-இல் ஸ்பெயின் அரியணைக்குப் போய்விட்டதால், தாம் கட்டிய அரண்மனையில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை. சான் லூச்சோவை வளர்த்தவர் அவருடைய மகன் பெர்டினாண்ட். அங்குள்ள நெசவாளர்களுக்கென 1789-இல் அவர் வெளியிட்ட சட்டம் வரதட்சிணையை ஒழித்து, பிள்ளைகளின் படிப்பைக் கட்டாயமாக்கியது.

யுனெஸ்கோவும் 1997-இல் அரண்மனை, தோட்டம், கால்வாய், சான் லூச்சோ ஆகிய நான்கையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அடுத்த இணைப்பில் மத்தலோனி பாலத்தின் படத்தையேனும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை