சாணை பிடித்த பெரியவருக்கும் கூட நின்ற அத்தனை பேருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். ஆடு வளர்ப்பவர்கள் கூடி நடத்தும் நம் உற்பத்தியாளர் கம்பெனியின் கறி கடைசிக் கிலோ வரை விற்றாகிவிட்டது. ஆடு கொடுத்த உறுப்பினர்கள் எல்லோர் கணக்கிலும் பணம் ஏறிவிட்டது. ஆடித் திருவிழா நெருக்கத்தில் கறி வைக்கும் குளிர் அறை நின்றுபோனது, நாம் என்ன பாடுபட்டோம் என்பதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. மேச்சேரியிலிருந்து ஏற்காடு வரை அது தெரியாத உறுப்பினர் யாரும் இல்லை. நன்றி சொல்வதுதான் பாக்கி.

கேட்ட மாத்திரத்தில் வண்டியோடு ஐஸ் கட்டி அனுப்பிய மேட்டூர் மீன் வியாபாரிகளுக்கு, ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வாடகை பேசாமல் போன மண்டபத்துக்காரருக்கு, வழக்கத்தைவிட அதிகமாகக் கறி எடுத்துக்கொண்ட சேலம் ஓட்டல்காரர்களுக்கு, பொட்டலம் கட்டிய மகளிர் குழு அக்காக்களுக்கு, உரித்துத் தொங்கிய ஒவ்வொரு ஆட்டையும் அசராமல் சோதித்து முத்திரை போட்ட கால்நடை டாக்டரம்மாவுக்கு, எல்லோருக்கும் நன்றி. மலைக்கார உறுப்பினர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்றிய ஆடுகளோடு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தவர்கள், நிலைமையைக் கேட்டதும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் அப்படியே திருப்பிக்கொண்டு மேலே போனார்கள். ஆடியில் கிடைக்கிற விலை பிறகு கிடைக்காது என்று தெரிந்தும் போனார்கள்.

இனி அந்தப் பெரியவர்.

தொங்கிக்கொண்டிருந்த ஆடுகளை முழுசாக வைத்திருக்க வழியில்லை, இரவோடு இரவாக வெட்டி, ஐஸ் போட்டு, விடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று முடிவானது. ஐஸ் வந்தது, டீசல் வந்தது, வண்டி வந்தது. போன் மேல் போன் வந்தது. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எத்தனை கிலோ, எவ்வளவு நஷ்டம்? அப்போது வாசலில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். பின்னால் சாணைக்கல் பூட்டிய பழைய சைக்கிள். கஞ்சமலை அடிவாரத்து ஊர், தெருத்தெருவாகப் போய் அரிவாள்மனை, கத்திரிக்கோல் தீட்டுகிறவர். நமக்கும் அவருக்கும் முன்பின் பழக்கமே கிடையாது. ஆடு வளர்ப்பவரும் இல்லை.

"ராவெல்லாம் கறி வெட்டப் போறீங்கன்னு டீக்கடையில சொன்னாங்க தம்பி. கத்தி தாங்குமா?" என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை.

உள்ளே இருந்து ஒரு கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தோம். கட்டைவிரல் நகத்தில் வாயை வைத்து லேசாக இழுத்துப் பார்த்தார். நகத்தில் பிடிக்காமல் வழுக்கியது. "இதுல வெட்டினா கறி நையும். அதுகூடப் போகட்டும், அழுத்தி வெட்டுற பையன் கை என்னாவறது?" என்று சொல்லிவிட்டு மிதிக்க உட்கார்ந்தவர்தான், விடியும்வரை எழுந்திருக்கவில்லை. கொத்துக் கத்தி, எலும்பு பிரிக்கும் கத்தி, தோல் உரிக்கும் வளைந்த கத்தி என்று ஒவ்வொன்றுக்கும் கல்லில் பிடிக்கும் சாய்வே வேறாக இருந்தது. தீட்டி முடித்ததும் பிசிறு போக ஈரச் சாக்கில் இரண்டு இழு. பிறகு ஒரு காரியம் செய்தார். கைப்பிடி ரத்தமும் கொழுப்பும் பட்டு வழுக்குகிறது என்று வெட்டுகிற பையன் ஒருவன் சொன்னான். பையிலிருந்து பழைய சைக்கிள் டியூபை எடுத்து நாடாவாகக் கிழித்து, பிடிகளில் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார். பிடியைப் பையன் கையில் வைத்து, "இறுகுதா கண்ணு?" என்று கேட்டு, பிடிக்கவில்லை என்றால் அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

அந்த இரவில் ஒரு கைகூடக் கிழியவில்லை. அதோடு, கொட்டிலில் காத்திருந்த மேச்சேரி ஆடுகளையும் அன்றே அறுக்க வேண்டி வந்ததே, அவற்றின் தோல்கள் வெட்டுக் காயம் இல்லாமல் வந்தன. தோலுக்குப் பேர்போன ஆடு அது. உரிக்கும்போது கத்தி நுனி கொஞ்சம் இறங்கிவிட்டாலும் தோல் வியாபாரி விலையை இறக்கிவிடுவார். அந்த வகையில் அவர் காப்பாற்றிக் கொடுத்த பணமும் உறுப்பினர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

காலையில் கூலி கொடுத்தோம், வாங்கவில்லை. கறி கொடுத்தோம், வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டார். ஒரு டம்ளர் டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். பெயர் கேட்கிற அவகாசம்கூட எங்களுக்குக் கொடுக்கவில்லை. ஐயா, இந்த மடல் முதலில் உங்களுக்குத்தான். யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

அவர் போனதிலிருந்து ஒரு யோசனை என்னை விடவில்லை. நாம் எதற்காகக் கூடினோம்? சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, கண் மதிப்பில் நம் ஆட்டுக்கு அடுத்தவர் விலை வைத்தது போதும் என்றுதான். இன்று ஆடு தராசில் ஏறுகிறது. உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறி என்பதும், தலை, கால், குடல், தோலுக்கு என்ன வந்தது என்பதும் உறுப்பினருக்குச் சீட்டில் தெரிகிறது. ஆளுக்கு ஒரு ஓட்டு, கொடுத்த சரக்குக்கு ஏற்ப லாபத்தில் பங்கு. பெருமையான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அன்று விடிய விடியக் கத்தி பிடித்த பிள்ளைகளுக்கு இங்கே ஓட்டும் இல்லை, பங்கும் இல்லை. அவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். அவர்கள் கை என்னாகும் என்று கேட்க ஒரு வெளியாள் சைக்கிளில் வர வேண்டியிருந்தது.

சட்டப்படி உற்பத்தியாளர் கம்பெனியில் உற்பத்தி செய்கிறவர்தான் உறுப்பினர் ஆக முடியும். சரி, அப்படியென்றால் அவர்களை உற்பத்தியாளர் ஆக்குவோம். நம் பக்கத்தில் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க ஆடு விடுவது புதிதா என்ன? வளர்ப்பவருக்கும் ஆட்டுக்காரருக்கும் குட்டியில் சரிபாதி என்று தாத்தா காலத்திலிருந்தே நடக்கிறது. வெட்டும் கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு ஆடு விட்டு, ஈனும் முதல் குட்டி அவர்களுக்கே என்று வைத்தால், அதை வைத்தே அவர்கள் பங்கு வாங்கி உள்ளே வரலாம். வருகிற பொதுக்குழுவில் இதை நான் முன்மொழிகிறேன். நிறைவேறும்வரை விடமாட்டேன். பெரியவர் சம்மதித்தால் மாதம் ஒரு நாள் அவரைக் கூலிக்கு அழைத்துச் சாணை பிடிப்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்கச் சொல்வேன். இந்த முறை அவர் கூலி வாங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் ஆடு என் பட்டியிலிருந்து. கொடுக்க மனமுள்ளவர்கள் பொதுக்குழுவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கீழ்நாட்டார் செம்மறி, மலையில் இருப்பவர்கள் வெள்ளாடு, எது சௌகரியமோ அது. பல் பார்த்து, நல்ல பெட்டையாக, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டு அனுப்புங்கள்.