ஒன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில்

மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லோரும் நல்லம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது பழைய பாட்டு. நீ கேட்ட வகுப்புப் போட்டோவை சொட்டை சேர் இன்னும் தரவில்லை, தரவும் மாட்டார், ஏன் என்று உனக்கே தெரியும்.

வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நம்ம தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் கட்ட நிதி வந்திருக்கிறது. ஊஞ்சல், சறுக்கு, எல்லாம் படத்தோடு. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை எங்கள் ஆபீஸ் சுவரில் தொங்குகிறதே, பிள்ளைகளின் கருத்தையும் கேள் என்று, அதனால் கேட்டோம். ஊஞ்சலை எங்கே வைக்கலாம்? தரம் ஏழு படிக்கிற பிள்ளை ஒன்று எழும்பி, "ஊஞ்சல் இருக்கட்டும் சேர், ஸ்கூல் விட்டு வந்தா நாங்க எங்க இருக்கிறது?" என்றது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்கே வந்திருந்தது.

நமக்குத் தெரியாததா? ஐந்து வயது வரைக்கும் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால், அம்மா அந்திக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வர நாலரை தாண்டும். பாட்டி இருக்கிற வீடு தப்பித்தது. அம்மா சவூதியில், அப்பா கொழும்பில் கடையில் என்றால், அந்தப் பிள்ளைதான் விறகு வைத்துச் சோற்றைச் சுடவைக்க வேண்டும். ஒரு வீட்டுக் காம்பராவில் தீ பிடித்தால் வரிசையாக ஒட்டிக் கட்டிய முழு லயமும் போய்விடும். நீயும் நானும் அந்த நேரத்தில் ஆற்றில் என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதவில்லை, உன் மனைவியும் இதைப் படிப்பாள்.

தாய்மாரை நேரத்தோடு விடுங்கள் என்று கேட்கலாமா என்றால், பறிக்கிற கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும், அவர்களே வேண்டாம் என்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் இருக்க, மூடிக் கிடக்கிற பழைய டிஸ்பென்சரியைத் திறந்தால் போதும், தகரம்தான் ஒழுகுகிறது. பிரதேச சபையிடம் போனேன். முன்பென்றால் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பார்கள், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி. 2018இல் அதைத் திருத்தியாயிற்று. இப்போது, தோட்டத்திடமிருந்து கடிதம் கொண்டு வா என்கிறார்கள். தோட்டத்து ஆபீஸில் கேட்டால் கொழும்பிலிருந்து பதில் வர வேண்டுமாம். இந்த நாட்டில் வரி கட்டுகிற, ஓட்டுப் போடுகிற மனிதர்களுக்கு ஒரு தகரம் மாற்ற எத்தனை துரைமார் தலையாட்ட வேண்டும், சொல்லு!

அதைவிட எரிச்சல் வேறொன்று. வேலையை விட்டு ஈ.பி.எஃப். சேமலாப நிதியை எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிற பாட்டிமார் மூன்று நான்கு பேர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தயார். நம்ம பெரட்டுக்களத்து மாமி முதல் ஆள், அவர் வாய்க்குப் பயந்தே பிள்ளைகள் ஒழுங்காக இருக்கும். ஆனால் அவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று சொன்னதும், நிதி தருகிறவர்கள் அது தொண்டு வேலைதானே என்கிறார்கள். இரும்புச் சறுக்கு வாங்கக் காசு இருக்கிறது, வயதான பொம்பளைக்கு மூன்று மணிநேரக் கூலி கொடுக்க இல்லை. ஐம்பது வருஷம் கொழுந்து பறித்தவளிடம் இனியும் எதைச் சும்மா கேட்பது? இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வரப்போவதில்லை, வேலையே போனாலும் சரி. போனால் உன் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவேன்.

நீ இந்த பட்ஜெட் கணக்குகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவன். சறுக்கை வெட்டிவிட்டு அந்தக் காசைப் பாட்டிமாருக்கு எந்தத் தலைப்பில் போடலாம்? பயிற்சி என்று எழுதினால் ஆடிட்டில் பிடிப்பார்களா, இல்லை பராமரிப்பாளர் கொடுப்பனவு என்று நேராகவே எழுதிக் கேட்பதா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. திருத்திய பட்ஜெட்டை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு முன் கோல் எடு. இரவு எட்டுக்குப் பிறகு எடு, பகலில் மேல் டிவிஷனில் சிக்னல் இல்லை.