டோங், லோலோவோட கண்ணைப் பத்தி ஒரு விஷயம்

அன்புள்ள டோங்,

நீ மெசெஞ்சர்ல அனுப்புன போட்டோ வந்துச்சுடா. நீ தூண்டி முள்ளு கட்டிட்டு இருக்க, பக்கத்துல லோலோ சும்மா உக்காந்திருக்காரு. மீனைக் காட்டத்தான் நீ அனுப்புன, தெரியும், ஆனா எனக்குக் கண்ணு அவரோட வலது கண்ணுலயே நின்னுடுச்சு. நடுவுல வெள்ளையா இருக்கே, பாத்தியா?

(படிக்கிறவங்களுக்கு: டோங் இவன் பேரு இல்ல. பிலிப்பைன்ஸ்ல பேசுற பிசாயா பாஷையில சின்னப் பசங்களை டோடோங், சுருக்கமா டோங்னுதான் கூப்பிடுவாங்க, நம்ம தம்பி மாதிரி. லோலோன்னா தாத்தா, கூயான்னா அண்ணன். அங்க தாவாவ் நகரத்துல டாக்டருக்குப் படிச்சப்ப ஒரு கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வர டிக்கெட் காசு இல்லாம, கூடப் படிச்சவன் ஒருத்தன் எதிர்ல இருக்க சமால் தீவுல அவன் சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான், அங்க கிடைச்சவங்கதான் இவங்க ரெண்டு பேரும். இவன் அம்மா ஹாங்காங்ல வீட்டு வேலை பாக்குறாங்க, அதனால வளர்ப்பு முழுக்க லோலோதான்.)

நான் நாமக்கல்காரன்டா, கடல்னா எனக்கு லாரி ஓடாத ரோடு, அவ்வளவுதான். மொத நாள் விடியக்காலைல நீ வந்து "பரோட்டோ"ன்னு எழுப்புனப்ப நான் நிஜமாவே பரோட்டாதான்னு நினைச்சு எந்திரிச்சேன். வெளிய வந்து பாத்தா ரெண்டு பக்கமும் மூங்கில் கட்டுன ஒல்லியான படகு. நீ லோலோ கையை எடுத்து உன் நெத்தில வச்சுக்கிட்டு ஏறுன, நானும் அப்படியே செஞ்சேன், அவரு சிரிச்சாரு. கொஞ்ச தூரம் போனதும் நான் வாந்தி எடுத்தேன், அதுக்கும் சிரிச்சாரு. நீ மட்டும் சிரிக்காம "மீனுக்கு சாப்பாடு போட்டுட்ட கூயா"ன்ன. எட்டு வயசுல என்ன பேச்சுடா அது.

அவர் உன்னை "அபோ"ன்னு கூப்பிடுறப்ப எல்லாம் நான் நம்ம "அப்போ"ன்னு நினைச்சு, சரி அடுத்து என்ன சொல்லப் போறாருன்னு காத்துட்டே இருப்பேன். அப்புறம்தான் தெரிஞ்சது பேரனுக்கு அபோன்னு பேரு. எதிர்ல மேகத்துக்குள்ள நின்னுட்டு இருந்த 2,954 மீட்டர் மலைக்கும் அபோதான், அங்க அது பெரியவர்னு அர்த்தம். பேரனும் அபோ, பெரியவரும் அபோ, என்ன பாஷைடா உங்களுது.

ஆனா நான் மறக்காம வச்சிருக்கறது வேற. அந்த வருஷம் வார்டுல சர்க்கரை நோயாளிங்களோட பாதத்து மேல நாடி பாக்கச் சொன்னா எனக்கு ஒண்ணுமே தட்டுப்படாது, கூட இருக்கறவங்க எல்லாம் இருக்கு இருக்குங்கறாங்க, நானும் வெக்கத்துல தலையாட்டிட்டு வந்துடுவேன். படகுல அவர் கணவாத் துண்டை முள்ளுல குத்தி தூண்டில் நரம்பை இறக்கிட்டு அதை என் ஆள்காட்டி விரல் மேல போட்டு விட்டாரு. நான் இறுக்கிப் பிடிச்சேன். ரெண்டு தடவை மீன் இரையைத் தின்னுட்டுப் போயிடுச்சு, எனக்குத் தெரியவே இல்ல. மூணாவது தடவை என் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டு "ஹினாய்-ஹினாய் லாங்"னாரு. மெதுவா, மெதுவாத்தான். நீதான் அதுக்கு விளக்கம் சொன்ன, அழுத்துனா உன் விரலைத்தான் உனக்குத் தெரியும், மீன் தெரியாதுன்னு. அடுத்து ஒரு சின்ன டிக், டிக். நம்ம சங்கரா மாதிரி இருக்குமே, மாயா-மாயா, அதுல ஒண்ணு மேல வந்துச்சு. உள்ளங்கை அளவுதான், அவர் முள்ளைக் கழட்டி திரும்பக் கடல்ல விட்டுட்டாரு, எனக்கு ரொம்ப கடுப்பு. லீவு முடிஞ்சு வார்டுக்குப் போனேன், விரலை லேசா வச்சேன், கிடைச்சுது. யாருகிட்ட கத்துக்கிட்டேன்னு இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.

கரைல வந்து வினிகர், இஞ்சி, மிளகா போட்டு பச்சையா மீன் குடுத்தீங்களே, கினிலாவ், அதைப் பத்தி எங்க அம்மாகிட்டயும் இன்னும் சொல்லல.

இப்ப விஷயத்துக்கு வரேன். அது கண்புரைடா. வயசானா வரும், வருஷக்கணக்கா கடல் வெயில்ல இருந்தவங்களுக்கு இன்னும் வாய்ப்பு ஜாஸ்தி. லென்ஸ் மங்கிப்போச்சு, அதை எடுத்துட்டு வேற லென்ஸ் வைக்கணும், அவ்வளவுதான். சொட்டு மருந்தால கரையாது, யாராச்சும் இலை சாறு விடச் சொன்னா விடவே விடாத. 60 வயசு தாண்டுனவங்க எல்லாரும் 2014 சட்டப்படி பில்ஹெல்த்ல (அரசாங்க மருத்துவக் காப்பீடு) இருக்காங்க, கண்புரை ஆபரேஷனும் அதுல வரும். கைல இருந்து எவ்வளவு போடணும்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோ, மீதியை நானும் உன் அண்ணனும் பாத்துக்கறோம், அம்மாகிட்ட கேக்காத.

அவர் என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியும். கடல்ல கண்ணு எதுக்கு, விரல் போதும்பாரு. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசமாச்சும் கடல் தண்ணி கண்ணுல படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துடுவாரு. அதனால ஜூன்ல கூட்டிட்டுப் போ. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான் உங்க வளைகுடால சின்ன மீனுங்களுக்குத் தடைக்காலம் (எங்க ஊரு கிழக்குக் கரைல ஏப்ரல் 15ல இருந்து 61 நாள்). அது வலைக்காரனுக்கு, தூண்டில்காரனுக்கு என்ன வந்துச்சுன்னு கேப்பாரு. கேட்டா எங்க தாத்தா கதையைச் சொல்லு: கண் முகாம் வேன்ல அழுதுட்டே போனவரு, ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் காலண்டர்ல பொடி எழுத்துல இருக்க ராகு காலத்தைப் படிச்சுக் காட்டி, இவ்வளவு நாள் தப்பா சொன்னியேன்னு பாட்டிகிட்ட சண்டைக்குப் போனாரு.

பிசாயாவுல உனக்குத் தனியா வாய்ஸ் அனுப்பியிருக்கேன், இதை ட்ரான்ஸ்லேட் போட்டுப் படிக்காத, அது லோலோவை வேற யாரோவா மாத்திடும்.

கட்டைப் பிரிச்சதும் வீட்டுலயே உக்கார வச்சு ஒரு முள்ளும் நரம்பும் கைல குடு. நீ கட்டிக் குடுக்காத. அவர் கட்டுறதை போட்டோ எடுத்து அனுப்பு.

உன் கூயா